சுத்து இன்ட்டு உசரம்

சீரியல் டப்பா காலியாவதற்காக எங்கள் வீட்டில் இரண்டு நாள் காத்திருந்தோம். ஆறாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். வீட்டிலிருக்கும் ஏதாவது ஓர் அட்டைப் பெட்டியை அளந்து, அதன் புறப்பரப்பைக் கண்டுபிடித்து எழுதிக்கொண்டு போக வேண்டும். உள்ளே இருப்பதை வேறு பாத்திரத்தில் கொட்டிவிடலாமே என்றேன். நமுத்துப் போய்விடும் என்று மனைவி மறுத்துவிட்டாள். ஆகவே எங்களில் யாருக்கும் பிடிக்காத ஒரு தவிட்டுச் சீரியலை மூன்று பேருமாக இரண்டு காலை வேளைகளில் தின்று தீர்த்தோம்.

பெட்டியின் உயரம் 12 அங்குலம், அகலம் 8, கனம் 2. நான் மனதுக்குள்ளேயே போட்டுவிட்டேன். பன்னிரண்டை எட்டால் பெருக்கினால் 96, இரண்டால் பெருக்கினால் 24, எட்டை இரண்டால் பெருக்கினால் 16. மொத்தம் 136. ஒவ்வொரு முகத்துக்கும் எதிரே அதே அளவில் இன்னொரு முகம் இருப்பதால் இரண்டு மடங்கு, 272 சதுர அங்குலம். வாயைத் திறப்பதற்குள் மகள் கையைக் காட்டித் தடுத்துவிட்டாள். “அப்பா, ஆன்ஸர் சொல்லாதீங்க.”

நான் படித்த பள்ளியில் இந்தக் கணக்கு சூத்திரத்தில் தொடங்கிச் சூத்திரத்திலேயே முடிந்தது. கரும்பலகையில் வாத்தியார் எழுதுவார், நாங்கள் மூன்று முறை எழுதிப் பார்ப்போம், பரீட்சையில் அவர் எண்ணை மாற்றிக் கொடுப்பார். பெட்டி என்று ஒன்றை யாரும் வகுப்புக்குக் கொண்டுவந்ததில்லை. இங்கே சூத்திரத்தைக் கடைசியில்தான் சொல்கிறார்கள். முதலில் பெட்டியின் ஒட்டுகளைப் பிரித்து, தரையில் தட்டையாக விரித்துப் போட வேண்டும். விரித்ததை மகள் ‘நெட்’ என்கிறாள். ஒரு கனச்சதுரத்தை 11 விதமாக விரிக்கலாம் என்பது அவளுக்குப் பதினொரு வயதில் தெரிந்திருக்கிறது. எனக்கு நாற்பத்தைந்தில், அவள் சொல்லித்தான் தெரிந்தது.

பெயரிலும் ஒரு சிக்கல் இருந்தது. அவள் பள்ளியில் இது ‘ரெக்டாங்குலர் பிரிசம்’. என் பாடநூலில் கனச்செவ்வகம். டொராண்டோவில் இருக்கும் யாழ்ப்பாண நண்பரிடம் ஒருமுறை கேட்டபோது, தாங்கள் அதைக் கனவுரு என்று படித்ததாகச் சொன்னார். மகளுக்கு அந்தச் சொல் உடனே பிடித்துவிட்டது. கனமான உரு என்று நான் பிரித்துச் சொன்னேன். கனவு, உரு என்று அவள் பிரித்துக்கொண்டாள். இலக்கணப்படி இரண்டுமே சரியாக வருவதால் நான் வாதாடவில்லை.

பிரிசத்துக்குத் தமிழ்நாட்டில் பட்டகம் என்று பெயர். இலங்கையில் அரியம். அமெரிக்கப் பாடத்தில் பெட்டியைத் தனி ஆளாக நிறுத்தாமல் பட்டகக் குடும்பத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அதில் ஒரு வசதி இருக்கிறது. நேராக நிற்கும் பட்டகத்தின் அடி முக்கோணமாக இருக்கட்டும், அறுகோணமாக இருக்கட்டும், அடியின் சுற்றளவை உயரத்தால் பெருக்கினால் பக்கச் சுவர்களின் பரப்பு வந்துவிடும். பெட்டிக்கென்று தனிச் சூத்திரம் எதுவும் தேவையில்லை. அதை மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் கவனம் வேறெங்கோ இருந்தது. பிரித்துப் போட்ட அட்டையின் ஓரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, இந்த மடிப்பெல்லாம் கணக்குல வருமா?”

பக்கவாட்டில் பசை தடவி ஒட்டுவதற்காக முக்கால் அங்குல அகலத்தில் ஒரு பட்டை. மேலும் கீழும் ஒன்றன்மேல் ஒன்றாக மூடிக்கொள்ளும் இரண்டிரண்டு பெரிய மடிப்புகள், அவற்றுக்கு அடியில் இரண்டிரண்டு சின்ன மடிப்புகள்.

“வராது” என்றேன்.

“ஏன்? இதுவும் அட்டைதானே?”

அவளே அளந்தாள். ஒட்டுப்பட்டை 9. மேலே கூடுதலாக 24, கீழே கூடுதலாக 24. ஆக 57 சதுர அங்குல அட்டை சூத்திரத்துக்கு வெளியே கிடந்தது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. 272 என்று எழுதி, அதற்குக் கீழே 329 என்று எழுதினாள். ‘டீச்சர் 272தான் எதிர்பார்ப்பார், மற்றதை அழித்துவிடு’ என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. கும்பகோணத்தில் ஒரு பழைய வீட்டின் ஜன்னல்கள் நினைவுக்கு வந்துவிட்டன.

அப்பா அங்கே பெயிண்டிங் காண்ட்ராக்டர். காண்ட்ராக்டர் என்பது கல்லூரி விண்ணப்பத்தில் நான் எழுதிய சொல். ஊரில் அவரை வெள்ளையடிக்கிற மேஸ்திரி என்றுதான் சொல்வார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இரண்டு ஏணி, சாரம் கட்டக் கொஞ்சம் மூங்கில், இரண்டு தகர டிரம், நிரந்தரமாக இரண்டு ஆட்கள். பொங்கலுக்கு முந்தைய மாதத்தில் மட்டும் ஆறேழு பேர் வைத்துக்கொள்வார். எங்கள் வீட்டில் மார்கழி என்றால் கோலமும் திருப்பாவையும் நினைவுக்கு வராது. கொல்லையில் டிரம்மில் கொதிக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்புதான் நினைவுக்கு வரும். நெருப்பே இல்லாமல் தண்ணீர் ஊற்றியதும் அது கொதிப்பதைப் பார்க்க பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் வருவார்கள். நீற்றிய சுண்ணாம்பை அம்மா பழைய வேட்டியில் வடிகட்டுவாள். அப்பா அதில் நீலம் கலப்பார். எவ்வளவு என்று கேட்டால் ‘பாத்துக் கலக்கணும்’ என்பார். அது ஓர் அளவா என்று நான் எரிச்சல்படுவேன்.

பரப்புக் கணக்கை எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான். எட்டு ஒன்பது வயது இருக்கும். டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து மூலையில் பிடிக்கச் சொல்வார். நான்கு சுவரையும் வரிசையாக அளந்து கூட்டிக்கொள்வார். அதுதான் சுத்து. பிறகு தரையிலிருந்து மச்சு வரை ஓர் அளவு. “சுத்து இன்ட்டு உசரம். மச்சுக்குத் தனி. தரைய எவன் வெள்ளையடிப்பான்?” அவ்வளவுதான் அவருடைய கணிதம். காதில் செருகியிருக்கும் தட்டைப் பென்சிலை எடுத்து, முடிந்துபோன கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதுவார். நூறு சதுர அடி ஒரு சதுரம். சதுரத்துக்கு இவ்வளவு என்று பேச்சு.

பன்னிரண்டுக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் சுத்து 44. சுவர் 440. மச்சு 120. ஆக 560. பாடநூல் சூத்திரப்படி ஆறு முகத்தையும் கூட்டினால் 680 வரும். ஒன்பதாம் வகுப்பில் அளவியல் பாடம் நடந்தபோது வாத்தியார் பக்கப்பரப்பு என்றும் மொத்தப் புறப்பரப்பு என்றும் இரண்டு சூத்திரங்களை எழுதினார். பக்கப்பரப்பின் சூத்திரம் அப்பாவின் சுத்து இன்ட்டு உசரம்தான் என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. பெருமைப்பட்டிருக்கலாம். நான் பட்டதோ வேறு. அப்பாவுக்குத் தெரிந்தது பாதிதான், மீதியும் எனக்குத் தெரியும் என்றே நினைத்துக்கொண்டேன்.

1992 மகாமகத்துக்கு மறு ஆண்டு, அரைப் பரீட்சை விடுமுறை. தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்த ஒரு பெரிய வீட்டில் அப்பாவுக்கு வேலை கிடைத்திருந்தது. உள்பக்கம் முழுக்க டிஸ்டெம்பர், சதுரத்துக்கு அறுபது ரூபாய் கூலி. வெளிப்பக்கம் வேறு ஆள். திண்ணை, ரேழி, முற்றம் என்று நீண்டுகொண்டே போகும் அந்தக் காலத்து வீடு. சுவர்கள் ஒன்றரை அடிக் கனம். ஜன்னல் சட்டங்களைச் சுவரின் வெளி விளிம்போடு ஒட்டிப் பதித்திருந்தார்கள். அதனால் ஒவ்வொரு ஜன்னலும் உள்ளே ஒரு மாடம் போல் இருந்தது. ஒரு பிள்ளை அதில் காலை மடக்கி உட்கார்ந்து படிக்கலாம். ஆள் பற்றாக்குறையால் அந்த விடுமுறையில் என்னையும் அப்பா அழைத்துப் போனார். எனக்குக் கிடைத்த வேலை, அந்த மாடங்களுக்குள் உட்கார்ந்து பழைய சுண்ணாம்பை உப்புத்தாளால் தேய்ப்பது. ஒரு வாரம் தேய்த்தேன். இமையெல்லாம் வெள்ளையாகி, வீட்டுக்குப் போனால் அம்மா சிரிப்பாள்.

வேலை முடிந்து அளக்கும் நாள் வந்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அதிகாரி. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா நின்றுகொண்டு பத்திரிகையின் பின்பக்கத்திலிருந்து அறை அறையாகப் படித்தார். நான் தூண் பக்கத்தில் நின்றேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, “இவனும் வேலைக்காரப் பையனா?” என்று கேட்டார். என் மகன், ஒன்பதாவது படிக்கிறான், முதல் ராங்க் என்று அப்பா சொன்னார். “அப்படியா, அளவியல் நடத்தியாச்சா?” என்று அவர் என்னிடம் கேட்டார்.

அந்த முதல் கேள்விதான் என்னைக் குத்தியது. நான் வேலைக்காரப் பையன் இல்லை என்று அவருக்குக் காட்ட வேண்டும். அதற்கு என் கையிலிருந்த ஒரே பொருள் கணக்கு. அப்பா கதவுகளுக்கு ஒரு பக்கம் கழித்திருந்தார். ஜன்னல்களைக் கழிக்கவே இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மறந்திருந்தால் மெல்லக் காதில் சொல்லியிருக்கலாம். நான் சத்தமாக, பாடப்புத்தகத் தமிழில் சொன்னேன்: “ஜன்னல்களின் பரப்பைக் கழிக்க வேண்டும்.”

வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை ஜன்னல் என்றார். இருபத்திரண்டு. ஒவ்வொன்றும் நாலுக்கு மூணு. 264 சதுர அடி, கூலியில் 158 ரூபாய் 40 காசு என்று நானே போட்டுச் சொன்னேன். “பாத்தீரா மேஸ்திரி, உம்ம பையனே சொல்லிட்டான்” என்று சிரித்தார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்தார். எட்டு ரூபாய் சில்லறையை விட்டுவிடுவோம், நூற்றைம்பது கழித்தால் போதும் என்று வீட்டுக்காரர் தாராளம் காட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, கெட்டிக்காரன் என்று சொல்லிப் பத்து ரூபாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு ஓர் ஆளுக்குத் தினக்கூலி ஐம்பது ரூபாய். மூன்று நாள் கூலி போயிற்று. ஆட்களுக்கு அப்பா குறைத்துக் கொடுத்திருக்கமாட்டார். அவருடைய பங்கிலிருந்துதான் போயிருக்கும். திரும்பும் வழியில் சைக்கிளை ஒரு டீக்கடையில் நிறுத்தி, வடை சாப்பிடுகிறாயா என்று கேட்டார். அவர் சந்தோஷமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு இரண்டு வடை சாப்பிட்டேன். பத்து ரூபாயை நீட்டினேன். “நீயே வச்சுக்க.” அதில் என்ன வாங்கினேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. மறுநாள் மூத்த ஆள் மட்டும், “தம்பி, ஜன்னலுக்குள்ள ஒரு வாரம் தேச்சியே, அது என்ன சும்மாவா?” என்று கேட்டுச் சிரித்தார். கேலி செய்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அப்பா என்னை அளக்கக் கூப்பிடவில்லை. வேலைக்கும் கூப்பிடவில்லை. படிக்கிற பிள்ளை என்று விட்டுவிட்டார். எனக்கும் அது வசதியாக இருந்தது. பொறியியல் முடித்தேன், கடன் வாங்கி அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்தேன், மென்பொருள் ஆலோசகன் ஆனேன். நம்மில் பலருக்கும் உள்ள கதைதான். நீட்ட வேண்டியதில்லை.

அப்பாவும் அம்மாவும் 2012இல் நியூ ஜெர்சிக்கு வந்து நான்கு மாதம் இருந்தார்கள். வந்த முதல் நாளே அப்பா கூடத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்று கேட்டது. “உள்ள ஒண்ணுமே இல்லையேடா.” மரச்சட்டம் நிறுத்தி இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை அறைந்த சுவர் என்று விளக்கினேன். “அட்டைப் பெட்டிக்கா இவ்வளவு கடன் வாங்கியிருக்கே?” என்றார். பிறகு ஜன்னல் அருகே போய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, சுவர் நிறமும் சட்டத்தின் வெள்ளையும் சேரும் கோட்டை வெகுநேரம் பார்த்தார். “ஓரம் நல்லாப் பிடிச்சிருக்கான்” என்றார். அடித்தவன் யாரென்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

இதெல்லாம் சேர்ந்து ஓர் இடத்தில் என்னைப் பிடித்தது 2016இல். ஒரு பெயிண்டிங் நிறுவனத்துக்கு மதிப்பீட்டு மென்பொருள் செய்யும் வேலை வந்தது. வீட்டின் வரைபடத்தைக் கொடுத்தால் அறை அறையாகச் சுவர்ப் பரப்பையும் பெயிண்டையும் கூலியையும் அது சொல்ல வேண்டும். என்னை அந்த வேலையில் போட்டதற்குக் காரணம், வேறு யாரும் அப்போது கையில் இல்லை என்பது மட்டுமே. அப்பாவின் தொழிலைப் பற்றி அலுவலகத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. தேவை ஆவணத்தில் நானே எழுதினேன்: சுற்றளவைப் பெருக்கு உயரத்தால், அதிலிருந்து கதவு, ஜன்னல் பரப்பைக் கழி.

அவர்கள் பக்கத்திலிருந்து வந்த மதிப்பீட்டாளர் நாற்பது வருடம் அந்தத் தொழிலில் இருந்தவர். தூரிகை பிடித்து மேலே வந்தவர். திரையில் அந்த வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார். நூறு சதுர அடிக்குக் குறைந்த எந்தத் திறப்பையும் நாங்கள் கழிப்பதில்லை என்றார். ஏன் என்று கேட்டேன். சுவரின் நடுவில் ரோலர் தானாக ஓடும், ஜன்னல் வந்ததும் ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சின்னத் தூரிகையை எடுக்க வேண்டும், ஓரம் பிடிக்க வேண்டும், நீங்கள் கழிக்கச் சொல்கிற இடத்தில்தான் என் ஆட்களின் நேரம் போகிறது என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். ஆவணத்தைத் தயாரித்தது யார் என்று மட்டும் கேட்டார். நான்தான் என்றேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. இந்தியாவில் இதற்கு விதி உண்டா என்று தேடினேன். உண்டு. ஐஎஸ் 1200 என்ற இந்தியத் தர ஆவணத்தின் 13ஆம் பகுதி வெள்ளையடிப்புக்கும் பெயிண்டுக்குமானது. அரைச் சதுர மீட்டருக்குள் அடங்கும் திறப்பைக் கழிக்கவே கூடாது. அதற்கு மேல், மூன்று சதுர மீட்டர் வரையிலான கதவு ஜன்னலுக்குச் சுவரின் ஒரு முகத்தில் மட்டும் கழிக்கலாம். மறு முகத்தில் கழிக்காமல் விடுவது, திறப்பின் உள்விளிம்புகளைத் தனியாக அளக்காததற்கு ஈடு. இரண்டு முகத்திலும் வெவ்வேறு வேலை என்றால், விளிம்பு குறைவாகத் தெரியும் பக்கத்தில் கழித்துவிட்டு, அதிகமாகத் தெரியும் பக்கத்தை அப்படியே விட வேண்டும். நாலுக்கு மூணு ஜன்னல் 1.1 சதுர மீட்டர். அந்த வீட்டில் விளிம்பு முழுவதும் உள்பக்கம்தான் இருந்தது. கதவுக்கு ஒரு பக்கம் கழித்து, ஜன்னலுக்கு உள்பக்கம் கழிக்காமல் விட்ட அப்பா, அந்த ஆவணத்தின் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார்.

பிறகு ஒரு தாளை எடுத்து நானே போட்டுப் பார்த்தேன். சுவர் 18 அங்குலம், ஜன்னல் சட்டம் 3 அங்குலம். மாடத்தின் ஆழம் 15 அங்குலம், அதாவது ஒன்றே கால் அடி. அந்த மாடமும் ஒரு கனச்செவ்வகம்தான். அதன் பக்கச் சுவர்களுக்கும் சுத்து இன்ட்டு உசரம்தான், உயரத்துக்குப் பதில் ஆழம், அவ்வளவே. சுத்து 14 அடி. ஒன்றே காலால் பெருக்கினால் 17.5 சதுர அடி. சுவரிலிருந்து ஜன்னல் எடுத்துக்கொள்வது 12. திருப்பிக் கொடுப்பது 17.5. ஓட்டை போட்டதால் அந்தச் சுவரின் பரப்பு குறையவில்லை, ஐந்தரை சதுர அடி கூடியிருக்கிறது. பாடநூலில் இப்படி ஒரு கணக்கு இருந்ததில்லை. அங்கே சுவர்களுக்குக் கனமே கிடையாது.

இருபத்திரண்டு ஜன்னலுக்கும் சேர்த்து 385. நான் கழிக்கச் சொன்னது 264. ஜன்னலே இல்லாதது போல் அப்பா எழுதிய கணக்கு, உண்மையில் அவர் அடித்த பரப்பைவிட 121 சதுர அடி குறைவு. வீட்டுக்காரருக்கு அவர் ஏற்கெனவே விட்டுக்கொடுத்திருந்தார். அதற்கு மேல் நான் கழித்தேன். அந்த மாடங்களுக்குள் ஒரு வாரம் உட்கார்ந்து தேய்த்தவன் நான். அது சுவர் என்று என் முழங்கைக்குத் தெரியும். அளவியல் படித்த தலைக்குத் தெரியவில்லை.

அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுகிறோம். மழை பெய்ததா, முழங்கால் வலி எப்படி, மாத்திரை வாங்கியாயிற்றா. நடுவில் எங்கே கொண்டுபோய்ச் செருகுவது? நூற்றைம்பது ரூபாய்க்கு மன்னிப்புக் கேட்டால் சிரிப்பார் என்று ஒரு பக்கம். சிரிக்காமல் இருந்துவிட்டால் என்ற பயம் மறு பக்கம். எட்டு வருடம் ஓடிவிட்டது. மென்பொருளில் மட்டும் அந்த வரியை மாற்றி எழுதினேன்.

இந்தச் சீரியல் பெட்டிக்கு வருவோம். 272, 329 என்று இரண்டு விடை எழுதிய தாளை மகள் மேசையில் வைத்திருந்தாள். அன்று ஞாயிறு. அப்பாவைக் கூப்பிட்டேன். கும்பகோணத்தில் மாலை. திரையில் அவர் நெற்றியும் மின்விசிறியும் தெரிந்தன. பேத்தி அட்டையை விரித்துக் காட்டினாள். மடிப்புகளைக் கணக்கில் சேர்த்ததைச் சொன்னாள். “சேக்கணும்ல? அட்டைய வெட்டினவன் காசு கொடுத்துத்தானே வாங்கியிருப்பான்” என்றார் தாத்தா.

அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது கேட்டேன். “அப்பா, அந்தக் கல்யாண வீடு ஞாபகம் இருக்கா? ஒன்றரை அடிச் சுவர். நான் ஜன்னலைக் கழிக்கச் சொன்னேனே.”

“இருபத்திரண்டு ஜன்னல்” என்றார்.

நான் 17.5 கணக்கைச் சொன்னேன். 121 சதுர அடியைச் சொன்னேன். ஐஎஸ் 1200ஐயும் சொன்னேன். ஆலோசகர்களுக்கு இது ஒரு வியாதி, சொல்ல வந்தது தொண்டையில் நிற்கும்போது ஆவண எண் வெளியே வரும். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“அதான் தெரியுமே. உள்ள அடிச்சது நாங்கதானே.”

“அப்ப ஏன் சொல்லலை?”

மின்விசிறி கொஞ்ச நேரம் சுற்றியது.

“அந்த ஆளு முன்னாடி ஒன்னத் தப்புன்னு சொல்லச் சொல்றியா?”

நான் பேசவில்லை. அவரே, “எளவு, அந்த டிஸ்டெம்பர் நல்லாவே நிக்கல. மூணே வருஷத்துல பொரிஞ்சுபோச்சு. சுண்ணாம்பே அடிங்கன்னு சொன்னேன், கேக்கலை” என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அந்த வீடு இப்போது இல்லை, இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள் என்றும் சொன்னார். சுவரை இடிக்க இரண்டு மாதம் ஆயிற்றாம். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு திருப்தி இருந்தது.

மகள் திரும்பி வந்தாள். என்ன ஜன்னல், எந்த வீடு என்று கேட்டாள். தாத்தா அவளுக்கு முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார். என் பெயர் அந்தக் கதையில் வரவில்லை. ஜன்னலை எங்கே கழிப்பது, எங்கே விடுவது என்பது மட்டும் வந்தது. “ஒங்க வீட்டுச் சுவர் என்ன கனம், அளந்து சொல்லு பாப்போம்” என்றார். அவள் அளவுகோலை எடுத்துக்கொண்டு வாசற்கதவுக்கு ஓடினாள்.

“நாலரை இஞ்ச், தாத்தா.”

“நாலரைதானா? அப்ப கழிச்சிக்கலாம்.”

நியூ ஜெர்சி மதிப்பீட்டாளர் இருந்தால் ஒத்துக்கொள்ளமாட்டார். சுவர் என்ன கனமாக இருந்தாலும், ஓரம் பிடிக்கிற நேரம் நேரம்தானே என்பார். அது எனக்குத் தெரியும். மகள் அளவுகோலோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“தாத்தா சொல்றது கரெக்டா அப்பா?”

“கரெக்ட்தான்” என்றேன்.